குட்டை மூக்கு முயலுக்கு வாரம் பத்து நிமிடம்

என் முயல் பஞ்சுவின் இடது கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தபோது மூன்று வாரம் நான் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைப்பேன், சொட்டு மருந்து விடுவேன். மறுநாள் காலையில் கன்னத்து முடி கஞ்சி போட்டதுபோல் மறுபடி விறைத்திருக்கும். மருந்து விடும்வரை தேவலை போலத் தோன்றும், நிறுத்தினால் இரண்டே நாளில் பழைய கதை. நான்காவது வாரம் முயல்களை நிறையப் பார்க்கும் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கண்ணைப் பார்த்துவிட்டுத் தலைக்குப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுத்தார். மேல் முன்பல்லின் வேர்ப்பக்கம் உள்ளே நீண்டுபோய்க் கண்ணீர்க் குழாயை நசுக்கிக்கொண்டிருந்தது. கண்ணில் கோளாறு எதுவுமே இல்லை.

பஞ்சு, ஹாலண்ட் லாப் என்ற குள்ள இன முயல். தொங்கு காது, உருண்டைத் தலை, அமுங்கிய மூக்கு. அந்த முகத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த முகத்துக்குள் என்ன நடக்கிறது என்று அன்றே யாராவது சொல்லியிருந்தால் மூன்று வாரம் வீணாகியிருக்காது.

முயலுக்கு மொத்தம் 28 பற்கள். நம் பற்களைப்போல ஒரு அளவோடு நிற்காமல் எல்லாமே சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வளரும். மேலும் கீழும் சரியாக உரசித் தேய்ந்தால்தான் அளவு நிற்கும். குட்டை முக இனங்களில் மேல்தாடை சுருங்கியிருக்கும், கீழ்த்தாடை அந்த அளவுக்குச் சுருங்கியிருக்காது. அதனால் கீழ்ப்பல் முன்னால் தள்ளி நிற்கும், உரசல் போய்விடும். உரசல் போனால் பல் இரண்டு பக்கமும் நீளும்: வெளியே தந்தம்போல வளைந்து, உள்ளே வேர்ப்பக்கம் எலும்பை முட்டிக்கொண்டு. முயலின் ஒவ்வொரு கண்ணுக்கும் கண்ணீர் வடிய ஒரே ஒரு துளைதான், கீழ் இமையில். அதிலிருந்து மூக்குக்குப் போகும் குழாய் மெல்லியது, வளைந்து நெளிந்து போவது, முன்பல் வேரை ஒட்டியே போவது. பஞ்சுவின் கண்ணீர் கன்னத்தில் இறங்கியது அதனால்தான்.

உங்கள் முயல் எந்த வகை என்று தெரிய, அதன் உயரத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். காட்டு முயலின் தலை நீண்ட ஆப்புபோல இருக்கும், நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை நல்ல தூரம். நெதர்லாண்ட் டிவார்ஃப், ஹாலண்ட் லாப், மினி லாப், லயன்ஹெட் ஆகியவற்றில் அந்தத் தூரம் குறைந்து, நெற்றி உருண்டு, கன்னம் உப்பி, பூனைக்குட்டி முகம் வந்திருக்கும். குள்ள இனங்களில் இந்தச் சுருக்கத்துக்குப் பின்னால் ஒரு மரபணுக் குறைபாடு இருக்கிறது. எச்.எம்.ஜி.ஏ.2 என்ற மரபணுவில் ஒரு துண்டு காணாமல் போயிருப்பதை 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு பிரதி குறைபாடாக வந்தால் குள்ள முயல். தாய், தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால் குட்டி பிறந்த சில நாளில் இறந்துவிடும். வளர்ப்பாளர்கள் அந்தக் குட்டிகளை ‘பீநட்’ என்பார்கள். வேர்க்கடலை. கேட்க அழகான பெயர்தான்.

இதில் ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. 2019இல் இங்கிலாந்தில் ஒரு காப்பகத்தின் 30 முயல்களைப் பரிசோதித்தபோது, நிமிர்ந்த காது முயல்களைவிடத் தொங்கு காது முயல்களுக்குக் காதுக் கோளாறும் பல் கோளாறும் அதிகம் என்று தெரிந்தது. ஆனால் 2024இல் வெளியான, பெரும் எண்ணிக்கையிலான மருத்துவப் பதிவுகளைப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வில், குட்டை முகமோ தொங்கு காதோ பல் நோயை அதிகமாக்கியதாகத் தெரியவில்லை. நான் இதை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: நீள முக முயல் வைத்திருப்பவரும் பல்லை மறந்துவிட முடியாது, குட்டை முக முயல் வைத்திருப்பவர் தலையெழுத்து என்று விட்டுவிடவும் வேண்டாம். முயலின் பல்லைப் பெரிய அளவில் தீர்மானிப்பது அது எதை, எவ்வளவு நேரம் மெல்லுகிறது என்பது. அந்தத் தீனி விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

சரி, வீட்டிலேயே செய்யக்கூடிய வாராந்தரப் பரிசோதனைக்கு வருவோம். வாரத்தில் ஒரு நாள், எப்போதும் ஒரே நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் உட்காருங்கள். மேசைமேல் வேண்டாம், துள்ளிக் குதித்தால் முதுகெலும்பு முறியும். மல்லாக்கப் படுக்கப் போடவும் வேண்டாம். அசையாமல் கிடப்பதைப் பார்த்துச் சொக்கிப்போயிருக்கிறது என்று நினைப்போம், அது பயத்தில் உறைந்து கிடப்பது. ஒரு துண்டை விரித்து, முயலின் பின்பக்கம் உங்கள் வயிற்றில் அணைந்திருக்கும்படி, அதன் முகமும் உங்கள் முகமும் ஒரே திசையில் இருக்கும்படி உட்கார வையுங்கள்.

முதலில் எடை. சமையலறைத் தராசில் ஒரு கூடையை வைத்து, கூடையோடு நிறுத்து, கூடையின் எடையைக் கழித்துவிடுங்கள். பஞ்சு 1.6 கிலோ. அவனுக்கு 50 கிராம் குறைந்தாலே என் நோட்டில் ஒரு சுழி விழும். இரண்டு வாரம் தொடர்ந்து குறைந்தால், பார்க்க நன்றாக ஓடியாடினாலும் டாக்டரிடம் போவேன். முயல் வலியை மறைக்கும். தராசுக்கு மறைக்கத் தெரியாது.

அடுத்தது கண். இரண்டு கண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் ஈரமா, உள் மூலையில் பால் போன்ற வெள்ளைப் பீளை இருக்கிறதா, கன்னத்து முடி ஒட்டியிருக்கிறதா? ஒரு கண் மட்டும் லேசாக வெளியே பிதுங்கித் தெரிந்தால் கண்ணுக்குப் பின்னால் சீழ்க்கட்டி இருக்கலாம், அதுவும் பெரும்பாலும் கடைவாய்ப்பல் வேரிலிருந்து வருவதுதான். அன்றைக்கே காட்டுங்கள்.

பிறகு தாடை. இதைக் கண்ணால் பார்க்க முடியாது, கையால்தான் பார்க்க வேண்டும். இரண்டு கைகளின் ஆள்காட்டி விரலையும் கீழ்த்தாடையின் அடி விளிம்பில் ஒரே நேரத்தில் வைத்து, காதுப்பக்கத்திலிருந்து முகவாய்வரை மெதுவாக இழுத்து வாருங்கள். எலும்பு வழவழவென்று இருக்க வேண்டும். கீழ்க் கடைவாய்ப்பல்லின் வேர் நீண்டிருந்தால் விளிம்பில் சின்னச் சின்ன மேடுகள் தட்டும், அரிசிமணியைத் துணிக்கு அடியில் தொடுவதுபோல. இரண்டு பக்கமும் சேர்த்துத் தொடுவதற்குக் காரணம் உண்டு: ஒரு பக்கத்து மேடு மறுபக்கத்தோடு ஒப்பிடும்போதுதான் விரலுக்குப் பிடிபடும். மூன்று, நான்கு வாரம் தொட்டுவிட்டால் உங்கள் முயலின் தாடை உங்கள் விரலுக்கு மனப்பாடம் ஆகிவிடும். முகவாய் முடி ஈரமாக இருக்கிறதா என்பதும் அந்த விரலுக்கே தெரியும். எச்சில் வழிந்தால் வாய்க்குள் பல் குத்துகிறது என்று அர்த்தம்.

முன்பல்லுக்கு வாயைத் திறக்கத் தேவையில்லை. மேலுதடு நடுவில் பிளந்துதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் கட்டைவிரலால் லேசாக விலக்கினால் போதும், இரண்டு விநாடி வேலை. மேல்பல் முன்னால், கீழ்ப்பல் அதற்கு உள்ளே ஒட்டினாற்போல இருக்க வேண்டும். மேல்பல்லுக்குப் பின்னால் ஊசிபோல இரண்டு குட்டிப் பற்கள் ஒளிந்திருக்கும், கீழ்ப்பல் போய்ச் சாய்வது அவற்றின்மேல்தான். பல்லின் குறுக்கே வரி வரியாகப் பள்ளம், நிறமாற்றம், சாய்ந்த நுனி, கீழ்ப்பல் முன்னால் நிற்பது இவற்றில் எது தெரிந்தாலும் போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த மாதப் படத்தோடு வைத்துப் பார்க்க உதவும்.

கடைவாய்ப்பல்லை வீட்டில் யாராலும் பார்க்க முடியாது. அதைச் சாப்பிடும் விதத்தில்தான் படிக்க வேண்டும். கீழ்க் கடைவாய்ப்பல்லின் கூர் நாக்கைக் கிழிக்கும், மேல்பல்லின் கூர் கன்னத்தை. அப்படி இருக்கும் முயல் பசியோடு தட்டுக்கு ஓடிவரும், ஒரு வாய் எடுக்கும், கீழே போடும், மறுபடி முகரும், திரும்பிப் போகும். பலர் இதை ‘அடம்’ என்று நினைத்துப் புதுத் தீனி வாங்கிப் போடுவார்கள். புல்லை விட்டுவிட்டு மெத்தென்ற தீனியை மட்டும் தின்பதும் அதே கதைதான்.

மூக்கில் நீர் வடிகிறதா என்று பார்க்க மூக்கைவிட முன்னங்காலின் உட்பக்கம் நல்ல இடம். முயல் அங்கேதான் துடைத்துக்கொள்ளும், முடி சிக்குப்பிடித்து விறைத்திருக்கும். குட்டை மூக்கு முயல் தூக்கத்தில் லேசாகக் குறட்டை விடுவதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முயல் மூக்கால் மட்டுமே மூச்சுவிடப் பழகிய உயிர். தலையை நிமிர்த்தி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது அவசரம், காலைவரை காத்திருக்கக்கூடாது.

தொங்கு காது வைத்திருப்பவர்கள் இதற்குக் கூடுதலாக இரண்டு நிமிடம் ஒதுக்க வேண்டும். காது மடங்கும் இடத்தில் குருத்தெலும்பில் இடைவெளி இருப்பதால் காதுக்குழல் நசுங்கிப்போயிருக்கும். நிமிர்ந்த காதில் தானாக வெளியே வரும் அழுக்கு இங்கே அடிவாரத்தில் தேங்கி, பற்பசைபோலக் கெட்டியாகி, பிறகு சீழாகும். காதின் அடியில், தாடைக்கு மேலே, இரண்டு பக்கமும் தொட்டுப்பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மெத்தென்று உப்பியிருந்தாலோ, தொட்டவுடன் முயல் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாலோ அழுத்திப் பார்க்காமல் டாக்டரிடம் விடுங்கள். பட்ஸ் விட்டுக் குடைய வேண்டாம், அழுக்கை இன்னும் உள்ளே தள்ளுவதுதான் மிச்சம். தலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ, முகத்தின் ஒரு பாதி தொங்கினாலோ சீழ் நடுக்காது, உட்காதுவரை போயிருக்கலாம்.

கடைசியாகப் பின்பக்கம். பல் வலிக்கும் முயல் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளாது, இரவில் வரும் மெத்தென்ற புழுக்கையைக் குனிந்து எடுத்துத் தின்னாது. அது வாலடியில் ஒட்டிக்கொள்ளும், ஈ மொய்க்கும், புழு வைத்துவிடும். கடினமான சாதாரணப் புழுக்கை சிறுத்துப்போவதும், எண்ணிக்கை குறைவதும் சரியாகச் சாப்பிடவில்லை என்பதற்கு முதல் அடையாளம். அரை நாளாக எதுவுமே தின்னாத முயலை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், குடல் நின்றுவிடும்.

தீனி. சாப்பாட்டில் எண்பது சதவீதத்துக்கு மேல் காய்ந்த புல்லாக இருக்கட்டும். திமோத்தி போன்ற புல் வகைகளைச் சொல்கிறேன், வைக்கோலை அல்ல. வைக்கோலில் சத்து மிகக் குறைவு. புல்லை மெல்லும்போது தாடை பக்கவாட்டில் அம்மிபோல அரைக்கும், அதில்தான் கடைவாய்ப்பல் முழுவதும் தேயும். பெல்லட்டை, அதாவது அழுத்திச் செய்த உருளைத் தீனியை, நொறுக்க அவ்வளவு அரைக்க வேண்டியதில்லை. அதனால் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் பெல்லட் போதும். விதையும் வண்ணத் துண்டும் கலந்த தீனி வேண்டவே வேண்டாம், பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்னும். கடிக்க மரக்கட்டை கொடுத்தால் பல் தேயும் என்று கடையில் சொல்வார்கள். கட்டையைக் கடிப்பது முன்பல், கடைவாய்ப்பல் அந்தப் பக்கமே போவதில்லை.

டாக்டரிடம் போகும்போது இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள். முன்பல்லை நெயில் கட்டரால் வெட்ட யார் முன்வந்தாலும் மறுத்துவிடுங்கள். பல் நெடுக விரிசல் விட்டு வேரில் சீழ் பிடிக்கும். சுழலும் கருவியால் ராவுவதுதான் முறை. இரண்டாவது, அமாக்சிசிலின் உள்ளிட்ட பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுக்கக்கூடாது, குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து முயலைக் கொன்றுவிடும். மூன்றாவது, மயக்க மருந்துக்கு முன் பட்டினி போடச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். முயலுக்கு வாந்தி வராது. நாய்க்கும் பூனைக்கும் சொல்லும் பட்டினி இதற்கு இல்லை.

பஞ்சுவுக்கு ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ராவிப் பார்த்தோம், எட்டு மாதம். கடைசியில் ஆறு முன்பற்களையும் எடுத்துவிட்டார்கள். முதல் வாரம் குற்ற உணர்ச்சியில் எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அவன் பத்தாம் நாள் உதட்டாலேயே புல்லை இழுத்துத் தின்னக் கற்றுக்கொண்டான். கீரையை மட்டும் விரல் கணு நீளத்துக்கு நறுக்கிப் போடுகிறேன், முழு இலையை அவனால் கடித்துத் துண்டாக்க முடியாது. கண் காய்ந்துவிட்டது. மூன்றாம் மாதம் வழக்கம்போல உதட்டை விலக்கியபோது, மேல் ஈறில் இடப்பக்கம் வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. வேரில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் பல் மறுபடி முளைக்கும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். அதையும் எடுத்தாயிற்று. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தோறும் துண்டை விரித்ததும் அவனே வந்து ஏறி உட்கார்ந்துகொள்கிறான், முன்பல்லே இல்லாத வாயைக் காட்ட.