"புரியுது ஆன்ட்டி" என்று சொல்லிவிடாதீர்கள்

கவுன்சலிங் பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரு தம்பியின் அமர்வைப் போன வாரம் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். எதிரே இருந்த அம்மா இரண்டு வாக்கியம்கூட முடிக்கவில்லை, அதற்குள் "புரியுது ஆன்ட்டி, எங்க வீட்லயும் இப்படித்தான்" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டேன், ஒரு காலத்தில் நானும் அதே ஆள்தான். ரகசியம் காப்பது, நேரத்துக்கு வருவது எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். புதிதாகக் கவுன்சலிங்குக்கு வருபவர்கள் வழுக்கும் வேறு சில இடங்கள் இவை.

நம்ம ஆள்தானே என்று நினைப்பது

சிங்கப்பூரில் தாதி வேலையிலிருந்து உளவியல் சிகிச்சைக்கு வந்தவள் நான். தமிழ் பேசுவதே என் பெரிய பலம் என்று நம்பியிருந்தேன். ஒரு பெரியம்மா (அடையாளத்தை மாற்றியிருக்கிறேன்) முதல் நாளே "வீடு சரியில்லைம்மா" என்றார். பொங்கோலில் மகன் குடும்பத்தோடு இருக்கிறார் என்றதும், சரி, மருமகள் தகராறு என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். மூன்று அமர்வும் மருமகளைப் பற்றியே கேட்டேன், அவரும் மரியாதைக்குப் பதில் சொன்னார், நம்மவர்கள் எதிரே இருப்பவரிடம் "நீங்க கேக்கறது தப்பு" என்று சொல்வார்களா என்ன. நான்காவது முறை டிஷ்யூ தேடிக் கைப்பையைக் கொட்டியபோது துருவேறிய கேட் சாவி ஒன்று மேசையில் விழுந்தது. நாற்பது வருடம் இருந்த வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சாவி. புளோக்கை இடிக்கப்போகிறார்கள் என்று காலி செய்தபோது ஒன்றை மட்டும் ஒளித்து வைத்துக்கொண்டாராம். அவர் சொன்னது வீட்டைத்தான். காரிடாரில் கோலம் போட்டால் எதிர்வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) எட்டிப் பார்த்துப் பேசுவாரே, அந்த வீடு இல்லாததை. மூன்று அமர்வுக்குக் காசு வேறு வாங்கியிருந்தேன். நினைத்தால் இன்னும் எரிகிறது.

வருபவரின் உலகத்தை உன்னுடையது போலவே உணர வேண்டும், ஆனால் அந்தப் 'போல'வைத் தொலைத்துவிடக் கூடாது என்று உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இலேயே எழுதிவிட்டார். ஒரே மொழி, ஒரே கோயில், ஒரே தேக்கா மார்க்கெட் என்று ஆகும்போது முதலில் காணாமல் போவது அந்தப் 'போல'தான். இப்போதெல்லாம் நன்றாகத் தெரிந்த சொல்லையும் கேட்டுவிடுகிறேன்: "சரியில்லைன்னா எப்படிம்மா?"

மௌனத்தை நிரப்புவது

நிரப்பாதீர்கள்.

"நெஞ்சு அடைக்குது"

மனக்கவலைதான் என்று நீங்களே தீர்ப்பு சொல்லாதீர்கள். முதலில் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அனுப்புங்கள். இப்போதே அடைக்கிறது என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

சாவு பற்றிய பேச்சை மாற்றுவது

நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. 2020 தொடக்கத்திலிருந்து இங்கே தற்கொலை முயற்சி குற்றமில்லை. ஆனாலும் போலீஸ் வந்துவிடுமோ என்று வாயைத் திறக்காத பெரியவர்களைப் பார்க்கிறேன், அதனால் இதை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. அப்புறம் தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 1767 எண்ணைத் தாளில் பெரிதாக எழுதிக் கையில் கொடுங்கள். வாயால் சொன்னது லிஃப்ட் வருவதற்குள் மறந்துவிடும்.