வாழைப்பழத்துக்கு எந்தத் துதி? யூதர்களின் சாப்பாட்டு பிராஹாவில் தடுமாறும் இடங்கள்

யூத மரபில் எதைச் சாப்பிடும் முன்பும் ‘பிராஹா’ என்ற துதியைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் சாப்பிடுவது ஆலயச் சொத்தை அனுபவிப்பதற்குச் சமம் என்கிறது யூதச் சட்ட நூலான தல்மூத். மொத்தம் ஆறு துதிகள்தான்: ரொட்டிக்கு ஹமோட்ஸி, மற்ற தானியப் பண்டங்களுக்கு மெஸோனோட், திராட்சை ரசத்துக்கு ஹகாஃபென், மரத்துப் பழத்துக்கு ஹாஎட்ஸ், மண்ணில் விளைவதற்கு ஹாஅதாமா, மற்றதுக்கெல்லாம் ஷெஹகோல். இதில் என்ன குழப்பம் வந்துவிடும் என்று தோன்றும். வரும்.

வாழைப்பழத்துக்கு ஹாஎட்ஸ் சொன்னால் தப்பு. வாழைமரம் என்று நாம் வாய்நிறையச் சொன்னாலும், குலை போட்டதும் தாய்வாழை செத்து, பக்கக்கன்றுதான் எழும்புகிறது. அடுத்த வருஷம் அதே தண்டில் காய்க்காதது அவர்கள் சட்டத்தில் மரமே இல்லை. ஆகவே ஹாஅதாமா. காளான் கதை வேறு. தரையில் முளைத்தாலும் அது மண்ணிலிருந்து சத்து எடுப்பதில்லை என்று யூத மதகுருக்களான ரபிகள் கருதியதால் ஷெஹகோல். சோற்றுக்கும் ஹாஅதாமா என்று நினைத்துவிடுவார்கள், மெஸோனோட்தான்.

தப்பாகச் சொல்லிவிட்டால்? ஆப்பிளுக்கு ஹாஅதாமா சொன்னால் செல்லும், மரமும் மண்ணில்தானே நிற்கிறது! கேரட்டுக்கு ஹாஎட்ஸ் செல்லாது. ஷெஹகோல் எதற்குச் சொன்னாலும் செல்லும். ஆனால் அதையே குறுக்குவழியாக்கிக்கொள்வது சோம்பல் என்பேன். வாய் தவறியது உடனே உறைத்தால், ‘ஷாலோம் அலெய்ஹா ரபி’ (குருவே, உமக்குச் சமாதானம்) என்று சொல்லும் நேரத்துக்குள் திருத்திக்கொள்ளலாம்.

அதிகம் நடக்கிற தவறு, துதிக்கும் முதல் வாய்க்கும் நடுவில் பேசுவது. சம்பந்தமில்லாமல் பேசினால் துதியை மறுபடி சொல்ல வேண்டும். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு “உப்பைக் கொண்டா” என்றால் மட்டும் குற்றமில்லை, அது சாப்பாட்டுப் பேச்சு. பழத்தை முதலிலேயே உரித்துப் பார்த்துவிடுவதும் நல்லது. துதித்தபின் உள்ளே அழுகல் என்று தெரிந்தால், கடவுள் பெயரை வீணாகச் சொன்னதாகிவிடும். இந்தப் பயத்தால்தான், சொன்னோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் மறுபடி சொல்லக்கூடாது என்பது விதி.

தண்ணீரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தாகத்துக்குக் குடித்தால் ஷெஹகோல். தாகமில்லாமல் மாத்திரையை விழுங்க மட்டும் குடித்தால், பிராஹா கிடையாது.