கோவா திரைப்பட விழாவின் படப்பட்டியலை எப்படி வாசிப்பது? சிங்கப்பூரிலிருந்து முதன்முறை போகிறவர்களுக்கு

நவம்பர் பிறந்துவிட்டால் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவின், அதாவது எல்லாரும் இஃபி என்று சொல்கிற கோவா விழாவின், படப்பட்டியல் வர ஆரம்பித்துவிடும். ஒரே நாளில் முழுசாக வராது. தொடக்கப் படம் ஒருநாள், இந்தியன் பனோரமா ஒருநாள், போட்டிப் படங்கள் இன்னொருநாள் என்று துண்டு துண்டாக வந்து கடைசியில் 200க்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட நீண்ட பட்டியலாகச் சேரும். புதிதாகப் பார்க்கிறவர்கள் அதில் தெரிந்த பெயர்களை மட்டும் தேடிவிட்டு, மீதியெல்லாம் நமக்கு எதற்கு என்று மூடிவிடுகிறார்கள். எனக்கு அதில் ரொம்ப வருத்தம் உண்டு, ஏனென்றால் தெரியாத பெயர்களில்தான் இந்த விழாவே இருக்கிறது.

இந்தப் பட்டியலை ஒரே ஒரு கேள்வியோடு வாசித்துப் பாருங்கள்: இந்தப் படம் தானாக சிங்கப்பூருக்கு வருமா? அதை வைத்துக்கொண்டே முழுப் பயணத்தையும் திட்டமிடலாம். எப்படி என்று சொல்கிறேன்.

படி 1: விழாவையும் தேதியையும் முடிவு செய்யுங்கள்

இஃபி 2004 முதல் கோவாவில் நடக்கிறது. வழக்கமாக நவம்பர் 20 முதல் 28 வரை. நம் பள்ளிகளின் ஆண்டு இறுதி விடுமுறையும் அப்போதுதான் என்பதால் ஆசிரியர்களுக்கு இது நல்ல காலம். ஆனால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். படம் பார்க்கத் தேவையான டெலிகேட் பதிவு, அதாவது விழாப் பார்வையாளராகச் செய்யும் பதிவு, 18 வயது நிரம்பியவர்களுக்குத்தான்.

டிசம்பரில் எப்படியும் ஊருக்குப் போகிறவர் என்றால் உங்களுக்குச் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாதான் வசதி. மார்கழிக் கச்சேரி நடக்கும் அதே சமயம்தான் அதுவும் நடக்கும். திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள விழாவும் டிசம்பர்தான். அங்கே கூட்டத்தைப் பார்ப்பதற்கென்றே ஒருமுறை போகலாம், மாணவர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் ஈரானியப் படத்துக்கு வரிசையில் நிற்கிற ஊர் அது. இங்கே நான் சொல்வது கோவாவை மனத்தில் வைத்து. வாசிக்கும் முறை மூன்று விழாக்களுக்கும் ஒன்றுதான்.

படி 2: பிரிவுகளைப் புரிந்துகொள்ளுங்கள்

படத்தின் பெயருக்கு முன்னால் அது எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பாருங்கள்.

சர்வதேசப் போட்டியில் வழக்கமாக 15 படங்கள் இருக்கும். இதில் வெல்கிற படத்துக்குத் தங்க மயில் விருதும் 40 லட்சம் ரூபாயும் கிடைக்கும். 1952இல் மும்பையில் இந்த விழா தொடங்கியபோது போட்டியே கிடையாது. 1965இல் தில்லியில் நடந்த மூன்றாவது விழாவில்தான் போட்டி வந்தது, அந்த முதல் தங்க மயில் இலங்கைக்குப் போனது, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் எடுத்த ‘கம்பெரலிய’ என்ற சிங்களப் படத்துக்கு. 2025இல் வென்றது ஒரு வியட்நாம் படம். ஆசியப் படங்களுக்கு இந்தப் பிரிவில் எப்போதும் நல்ல இடம் உண்டு, நம் பக்கத்து நாட்டுக் கதைகளை நம் பக்கத்து நாட்டுக்காரர்களே சொல்வதைப் பார்க்க வேண்டும் என்றால் இங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்து அறிமுக இயக்குநர்களுக்கான போட்டி. சின்னப் பட்டியல், சில படங்கள்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டைத் தேர்ந்தெடுங்கள்.

இந்தியன் பனோரமாவில்தான் நம் ஆட்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1978இல் தொடங்கிய பிரிவு இது. நடுவர் குழு தேர்ந்தெடுக்கும் முழுநீளக் கதைப்படங்கள் 25 வரைக்கும், கதைப்படம் அல்லாதவை 20 வரைக்கும் இருக்கும். அந்த 25இலும் ஐந்து இடம் வணிகப் படங்களுக்கு என்று ஒதுக்குவார்கள். உதாரணத்துக்கு, 2025 பனோரமாவின் தொடக்கப் படம் ‘அமரன்’. அது 2024 தீபாவளிக்கே வந்த படம், நாமெல்லாம் இங்கேயே தியேட்டரில் பார்த்தாயிற்று. அதைக் கோவாவில் திரும்பப் பார்க்க ஒரு காட்சியைச் செலவழிக்காதீர்கள். அதே நேரத்தில் பக்கத்து அரங்கில் ஒரு மணிப்பூரிப் படமோ, ஒரு கொங்கணிப் படமோ ஓடிக்கொண்டிருக்கும், அதை இந்த ஜென்மத்தில் வேறு எங்கேயும் பெரிய திரையில் பார்க்க முடியாமல் போகலாம்.

கதைப்படம் அல்லாத அந்த 20தான் முழுப் பட்டியலிலும் யாரும் சீண்டாத பகுதி. ஆவணப்படங்களும் குறும்படங்களும். ஸ்டார் கிடையாது, டிரெய்லர் கிடையாது, பல படங்களுக்கு இணையத்தில் ஒரு பத்தி எழுத்துகூட இருக்காது. சில காட்சிகளில் இவற்றை ஒரு முழுநீளப் படத்தோடு சேர்த்தே போடுவார்கள், ஆகவே பட்டியலில் ஒரே நேரத்துக்கு எதிரே இரண்டு பெயர் இருந்தால் குழம்பாதீர்கள். என்னைக் கேட்டால் ஒரு நாளைக்கு ஒன்றாவது இதிலிருந்து பாருங்கள். படம் முடிந்ததும் பல சமயம் இயக்குநரே எழுந்து வந்து பேசுவார், எதைக் கேட்டாலும் பதில் சொல்வார்.

உலக சினிமா, ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டுக்கு முக்கியத்துவம் தரும் பிரிவு (2024இல் ஆஸ்திரேலியா, 2025இல் ஜப்பான்), அஞ்சலி, இவையெல்லாம் பெயரிலேயே புரியும். ஆனால் புதுப்பித்த பழைய படங்களை மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள். கீறலும் கறையும் நீக்கி, ஒலியைச் சரிசெய்து, நல்ல புரொஜெக்டரில் போடுவார்கள். யூடியூபில் மங்கலாகப் பார்த்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை அப்படிப் பார்க்கும்போது, இவ்வளவு நாள் நாம் பார்த்தது அந்தப் படத்தையே இல்லை என்று தோன்றும்.

படி 3: ஒரு படத்தின் ஒற்றை வரியை வாசிப்பது

பட்டியலில் படத்துக்கு எதிரே நாடு, மொழி, ஆண்டு, நிமிடம், இயக்குநர் பெயர், பிரீமியர் விவரம் என்று இருக்கும். எல்லாமே தகவல்தான், எதையும் தாண்டிப் போகாதீர்கள்.

நாடு என்ற இடத்தில் நான்கைந்து பெயர்கள் இருந்தால் அது கூட்டுத் தயாரிப்பு. முதலில் இருப்பதுதான் பெரும்பாலும் முதன்மை நாடு. தென்கிழக்காசியப் படங்களில் நடுவே சிங்கப்பூர் என்ற பெயரும் வரும், இங்கிருந்து பணமோ தயாரிப்பாளரோ போயிருப்பார்கள்.

நாட்டை மட்டும் பார்த்துவிட்டு மொழியைப் பார்க்காமல் விட்டால் தமிழ்ப்படங்களையே தவறவிடுவீர்கள். 2008இல் கான் விழாவின் போட்டிப் பிரிவில் எரிக் கூ இயக்கிய ‘மை மேஜிக்’ இருந்தது. பட்டியலில் நாடு சிங்கப்பூர், படத்தில் பேசுவது தமிழ். 2015இல் கானின் தங்கப் பனை வென்ற ‘தீபன்’ பிரான்ஸ் நாட்டுப் படம், ஆனால் பெரும்பகுதி வசனம் ஈழத்தமிழ். பனோரமாவுக்குள் மட்டும் தமிழைத் தேடினால் இந்த மாதிரிப் படங்கள் கண்ணிலேயே படாது.

பிரீமியர் விவரம்: உலக பிரீமியர் என்றால் எங்குமே திரையிடாத படம். சர்வதேச பிரீமியர் என்றால் சொந்த நாட்டில் காட்டியாயிற்று, வெளியே இதுதான் முதல்முறை. ஆசிய பிரீமியர், இந்திய பிரீமியர் என்பதும் அதே கணக்கில். உலக பிரீமியருக்கு விமர்சனம் எதுவும் கிடைக்காது, நம்பிக்கையில் போக வேண்டியதுதான். இந்திய பிரீமியர் என்றால் வேறு விழாக்களில் எழுதியிருப்பார்கள், தேடிப் படிக்கலாம்.

இதற்கு விழா நாட்காட்டி தெரிந்திருந்தால் போதும். பிப்ரவரியில் பெர்லின், மே மாதம் கான், ஆகஸ்டில் லொகார்னோ, ஆகஸ்ட் கடைசியில் வெனிஸ், செப்டம்பரில் டொரண்டோ. அங்கெல்லாம் பேசப்பட்ட படங்களில் ஒரு பகுதி நவம்பரில் கோவாவுக்கு வந்து சேரும். 2025இன் தொடக்கப் படமான பிரேசில் நாட்டு ‘த ப்ளூ டிரெயில்’ அந்த பிப்ரவரியில்தான் பெர்லினில் வெள்ளிக் கரடி வாங்கியிருந்தது. 2024இல் தங்க மயில் வென்ற லிதுவேனியப் படம் ‘டாக்ஸிக்’ மூன்று மாதம் முன்பு லொகார்னோவில் தங்கச் சிறுத்தை வாங்கிய படம், அந்த இயக்குநருக்கு அதுதான் முதல் முழுநீளப் படமும்கூட. ஆகவே அந்த வருடத்து விருதுப் பட்டியல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள், அரை மணி நேர வேலைதான்.

இங்கே என்சி16, எம்18, ஆர்21 என்று தர அடையாளத்தைப் பார்த்துவிட்டுப் படத்துக்குப் போய்ப் பழகிவிட்டோம். இந்திய விழாக்களில் அது இருக்காது. தணிக்கைச் சான்றிதழ் இல்லாமலே திரையிட அரசு விலக்கு தருகிறது, அதனால்தான் டெலிகேட்டுகளுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறார்கள். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கடுமையான காட்சிகள் வரலாம், கதைச்சுருக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு உள்ளே போங்கள்.

படி 4: மூன்று குறிகள்

இப்போது ஒரு விரிதாளில் படங்களை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே இந்த மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: வந்துவிட்டது, வரும், வராது.

தியேட்டரிலோ ஓடிடியிலோ ஏற்கெனவே கிடைப்பது எல்லாம் ‘வந்துவிட்டது’. பெரிய விநியோகஸ்தர் கையில் இருப்பது, பிரபல நடிகர் இருப்பது, கானில் பெரிய விருது வாங்கியது, இவை ‘வரும்’. சிங்கப்பூர் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கோ இங்குள்ள தியேட்டருக்கோ சில மாதத்தில் வந்துவிடும். மீதி எல்லாம் ‘வராது’. உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை இந்த மூன்றாவது வகைக்குக் கொடுங்கள்.

முதலில் இது கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். எல்லாரும் பேசுகிற படத்தை விட்டுவிட்டு யாருக்கும் தெரியாத ஒன்றுக்கு ஏன் போக வேண்டும் என்று மனசு கேட்கும். விமான டிக்கெட், விடுதி, லீவ் எல்லாம் போட்டுப் போகிறோம், அந்த வெள்ளிக்கு ஈடாக ஜூரோங்கிலோ யீஷூனிலோ உட்கார்ந்து பார்க்க முடியாததைப் பார்த்துவிட்டு வருவதுதானே நியாயம்? பிடித்த இயக்குநர் யாராவது இருந்தால் அவருக்கு மட்டும் விதிவிலக்கு கொடுங்கள், தப்பில்லை.

படி 5: நேர அட்டவணையில் பொருத்துவது

அட்டவணை விழாவுக்குச் சில நாள் முன்புதான் முழுமையாக வரும், வந்த பிறகும் மாறும். ஒரே நேரத்தில் இரண்டு ‘வராது’ மோதினால் எதற்கு இரண்டாவது காட்சி இருக்கிறது என்று பார்த்து அதைத் தள்ளிவையுங்கள்.

அரங்குகளின் தூரத்தையும் கணக்கில் எடுங்கள். பனாஜியில் உள்ள ஐநாக்ஸும் மக்கினெஸ் பேலஸும் பக்கம் பக்கம், நடந்தே போகலாம். இன்னோர் அரங்கு இருக்கும் போர்வோரிம் மாண்டோவி ஆற்றுக்கு அந்தப் பக்கம். எம்ஆர்டி மாதிரி நிமிடக் கணக்கில் எதுவும் வராது, இரண்டு ஊருக்கும் நடுவே குறைந்தது முக்கால் மணி நேரம் விடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று படம் போதும், நான்கு என்றால் நடுவில் கட்டாயம் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். ஐந்தாவது படத்தில் எல்லாருமே தூங்குவார்கள்.

முதல் நாளும் கடைசி நாளும் பெரும்பாலும் மேடை நிகழ்ச்சிக்குத்தான் போகும். லீவ் குறைவாக இருந்தால் நடுவில் ஐந்து நாள் போய்வாருங்கள்.

படி 6: பதிவும் பயணமும்

டெலிகேட் பதிவு விழாவின் இணையதளத்தில். கட்டணம் பெரிய தொகை இல்லை. பதிவு செய்துவிட்டால் மட்டும் இடம் கிடைத்துவிடாது, ஒவ்வொரு படத்துக்கும் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். இந்திய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே காலை 8 மணிக்குப் பதிவு திறந்தால் இங்கே 10.30, அலாரம் வைக்கும்போது இதை மறக்காதீர்கள். இடம் கிடைக்காவிட்டாலும் ரஷ் லைனில் போய் நில்லுங்கள். பதிவு செய்துவிட்டு வராதவர்கள் நிறையப் பேர், காலியான இடங்களுக்கு உங்களை உள்ளே விடுவார்கள்.

சிங்கப்பூர் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு இ-விசா வேண்டும். கோவாவுக்கு இரண்டு விமான நிலையங்கள், வடக்கே மோபா, தெற்கே டபோலிம். பனாஜி இரண்டுக்கும் நடுவில். டிக்கெட் எடுக்கும்போது எந்த நிலையம் என்று பார்த்துவிட்டு வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.

போக முடியவில்லை என்றால்?

அப்போதும் விரிதாளைப் போடுங்கள். ‘வரும்’ என்று குறித்தவற்றை முதலில் சிங்கப்பூர் சர்வதேசத் திரைப்பட விழாவின் பட்டியலோடு ஒப்பிடுங்கள், அது 1987 முதல் நடக்கிறது, அண்மை ஆண்டுகளில் நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்தில் வருகிறது. அப்புறம் ஏஷியன் ஃபிலிம் ஆர்க்கைவ் ஓல்டம் தியேட்டரில் நடத்தும் திரையிடல்களைக் கவனியுங்கள், பழைய ஆசியப் படங்களுக்கு அதைவிட நல்ல இடம் இங்கே இல்லை. ‘வராது’ என்று குறித்த படங்களின் இயக்குநர்களைச் சமூக ஊடகத்தில் பின்தொடருங்கள். ஆவணப்பட இயக்குநர்கள் பலர் இணையத்தில் சில நாளுக்கு மட்டும் படத்தைத் திறந்துவிடுவது உண்டு, பின்தொடர்கிறவர்களுக்குத்தான் அது தெரியவரும். பார்த்தால் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள், பெரும்பாலும் பதில் போடுவார்கள்.