போர் தண்ணீரில் தின்னர் வாடையா? இப்படிப் புகார் கொடுங்கள்
ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் போர்வெல் தண்ணீரில் பெயின்ட் தின்னர் வாடை அடித்தால் குடிப்பதை நிறுத்துங்கள், காய்ச்சவும் வேண்டாம், ஆவி மூச்சில் போகும். ஆலைகளில் இரும்புப் பாகங்களின் கிரீஸைக் கழுவும் ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற ரசாயனம் அதில் கலந்திருக்கலாம்; அது புற்றுநோய் தருவது, தண்ணீரைவிடக் கனம், நிலத்தடியில் இறங்கித் தங்கிவிடும்.

பரிசோதனைக்குக் கண்ணாடி பாட்டிலில் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஐஸில் வைத்து அனுப்புங்கள், பிளாஸ்டிக் கூடாது. அப்புறம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.

1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி கழிவுநீர் விட ஆலைக்கு வாரியத்தின் இசைவாணை, அதாவது எழுத்து அனுமதி, வேண்டும். அதன் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்; அதிலுள்ள நிபந்தனைகள்தான் உங்கள் பிடி. அப்படியும் அசையவில்லை என்றால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையில் இருக்கிறது, வழக்குப் போடப் பொதுவாக 6 மாதக் கெடு, தள்ளிப்போடாதீர்கள்.