உப்புக்காத்து ஊர்ல கம்ப்யூட்டருக்கு 5.1 ஸ்பீக்கர் மாட்டுறது எப்படி

5.1ன்னா முன்னாடி ரெண்டு, நடுவுல ஒண்ணு (சென்டர்), பின்னாடி ரெண்டுன்னு அஞ்சு ஸ்பீக்கரும், அடிச்சத்தத்துக்கு ஒரு சப்ஊஃபர் பெட்டியும் (சப்); ஒவ்வொண்ணுலயும் தனித்தனி சத்தம் வந்து நம்மளச் சுத்திக் கேக்குறதுதான் சரவுண்ட். ஸ்பீக்கர் வாங்கப் போறப்ப முன்னாடி மின்னுற லைட்டைப் பாக்காதீங்க, சப்ஊஃபரைத் திருப்பி முதுகைப் பாருங்க. ஆறு ஆர்சிஏ ஓட்டை (டிவிடி பிளேயர்ல செவப்பு வெள்ளை பின் குத்துவோமே, அந்த வட்ட ஓட்டை) இருந்தாத்தான் கம்ப்யூட்டர்லருந்து நெசமான 5.1 உள்ள போகும். ரெண்டே ஓட்டை, மத்தபடி புளூடூத்தும் பென்டிரைவும்னா அஞ்சு ஸ்பீக்கரும் பாடும், ஆனா ஒரே பாட்டை அஞ்சு எடத்துல பாடும். நான் ராம்நாட்டுல மொத தடவ வாங்குனது அப்படித்தான், ரெண்டு மாசம் சரவுண்ட் கேக்குறேன்னு நெனச்சு ஊரையே கூப்பிட்டு வச்சுக் காட்டிருக்கேன்.

அடுத்து கம்ப்யூட்டர் பக்கம். டெஸ்க்டாப் பின்னாடி பச்சை, கருப்பு, ஆரஞ்சு ஜாக் இருந்தா வேலை சுலபம்: பச்சை முன் ஸ்பீக்கர் ரெண்டுக்கு, கருப்பு பின் ரெண்டுக்கு, ஆரஞ்சு சென்டருக்கும் சப்புக்கும். மூணே மூணு ஜாக் (பச்சை, நீலம், ரோஸ்) இருக்குற போர்டுன்னா பெரும்பாலும் நீலம் பின் ஸ்பீக்கரா மாறும், ரோஸ் சென்டர்-சப்பா மாறும், அத ஆடியோ டிரைவர் சாஃப்ட்வேர்ல மாத்திவிடணும். லேப்டாப்ல ஒரே ஓட்டைதான, அதுக்கு 5.1 யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒண்ணு வாங்கிக்கங்க. ஒரு முனை ஒத்தப் பின், மறு முனை ரெண்டு ஆர்சிஏன்னு இருக்குற கேபிள் மூணு வேணும்.

மாட்டியாச்சா, விண்டோஸ்ல கீழ ஸ்பீக்கர் படத்த ரைட் கிளிக் பண்ணி சவுண்ட் செட்டிங்ஸ், அதுல மோர் சவுண்ட் செட்டிங்ஸ் போயி, உங்க ஸ்பீக்கரைத் தொட்டு கான்ஃபிகர் அமுக்கி 5.1 சரவுண்ட் வைங்க. டெஸ்ட் குடுத்தா ஒவ்வொண்ணா சத்தம் வரும். சென்டர்ல வரவேண்டியது சப்புல முனகுதுன்னா பயப்படாதீங்க, ஆரஞ்சு கேபிளோட செவப்பு வெள்ளை ரெண்டையும் மாத்திக் குத்துனா சரியாயிரும். யூடியூப்ல பெரும்பாலும் ஸ்டீரியோதான் (முன் ரெண்டு ஸ்பீக்கருக்கான சத்தம் மட்டும்) வரும், அதுல பின்னாடி சத்தம் வரலன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, 5.1 ஆடியோ உள்ள படம் போட்டுப் பாருங்க.

வைக்கிற எடம்: நீங்க உக்காருற சேர்லருந்து முன் ஸ்பீக்கர் ஒவ்வொண்ணும் ஆறடின்னா, அது ரெண்டுக்கும் நடுவுலயும் ஆறடி இருக்கட்டும். பின் ஸ்பீக்கரை முதுகுக்கு நேரா வைக்காதீங்க, காதுக்குப் பக்கவாட்டுல கொஞ்சம் பின்தள்ளி, கொஞ்சம் ஒசத்தி. சப்ப மூலையில வச்சா சத்தம் கூடும் ஆனா கொளகொளன்னு இருக்கும். தகரக் கூரை வீடுன்னா கூரையும் சேந்து தாளம் போடும், மூலைய விட்டு ரெண்டடி வெளிய இழுங்க. டைல்ஸ் தரையில எதிரொலிச்சா ஒரு ஜமுக்காளம் விரிச்சா போதும், பனை ஓலைப் பாய் பத்தாது.

இதெல்லாம் எந்த ஊர்லயும் ஒண்ணுதான். நம்மள கெடுக்குறது உப்பு. எங்க வீடு ராமேசுவரத்துக்குப் பக்கத்துல மண்டபம்ங்கற ஊர்ல, வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவுல, எந்தப் பக்கம் காத்தடிச்சாலும் உப்புதான். ஸ்பீக்கர் ஒயர் நுனியில பச்சையா களிம்பு புடிச்சிரும், மொதல்ல கரகரன்னு வரும், அப்புறம் ஒரு ஸ்பீக்கர் ஊமையாயிரும், நாம ஸ்பீக்கர் போச்சுன்னு தூக்கிப் போட்டுருவோம், என் சித்தப்பா ஒரு ஜோடிய அப்படித்தான் தூக்கிப் போட்டாரு, ரெண்டும் நல்ல ஸ்பீக்கர். களிம்பு புடிச்ச எடத்த அரை இஞ்சு வெட்டி எறிஞ்சிட்டு பளபளன்னு புதுக் கம்பி தெரியிற வரைக்கும் சீவி, நுனிக்கு ஈயம் வச்சு மாட்டுங்க. புதுசா ஒயர் வாங்குனா உள்ள வெள்ளையா இருக்குற, டின் பூசுன செம்பு ஒயரா கேளுங்க, வெலை கூடதான் ஆனா ரொம்ப நாள் ஓடும். ஆர்சிஏ பின்ன மூணு மாசத்துக்கு ஒருக்கா, பிளக்கப் புடுங்கிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல பஞ்சு நனைச்சுத் தொடைங்க. தேங்கா எண்ணெய் தடவுனா துரு புடிக்காதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க, அத மட்டும் கேக்காதீங்க, தூசி அப்பிக்கிரும்.

உம்முன்னு ஒரு ஓசை விடாம வந்துச்சுன்னா கம்ப்யூட்டரையும் சப்பையும் ஒரே ஸ்பைக் போர்டுல சொருகிப் பாருங்க, பாதி நேரம் அதுலயே நின்னுரும். மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள், படகெல்லாம் கரையில நிக்கிறதால வீட்டுல ஆளு நெறய இருக்கும், ஒயர் இழுக்க ஏணி புடிக்க கை கெடைக்கும், அப்ப வேலைய வச்சுக்கங்க.