பாதியில் நின்ற இன்ஸ்டால்: விண்டோஸ் கணினியில் சரிசெய்வது எப்படி?

மென்பொருளை நிறுவிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. மறுபடி செட்டப்பை ஓட்டினால் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்கிறது. நீக்கப் போனால் நீக்கவும் வரவில்லை. இந்த நிலையில் பலரும் செட்டப் கோப்பையே திரும்பத் திரும்பச் சொடுக்குகிறார்கள். பழைய அரைகுறை வேலை முடியாமல் கிடக்கும்வரை அதனால் எந்தப் பயனும் இல்லை. முதலில் அதை முடிக்கவோ கழற்றவோ வேண்டும்.

திரையில் கோடு நகராமல் இருப்பதாலேயே இன்ஸ்டால் நின்றுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் பத்தியைப் பாருங்கள். செட்டப்புக்கோ, மென்பொருள்களை நிறுவும் சேவையான விண்டோஸ் இன்ஸ்டாலருக்கோ எதிரே எண்கள் மாறிக்கொண்டிருந்தால் காத்திருங்கள். சில சமயம் அனுமதி கேட்கும் ஜன்னல் மற்ற ஜன்னல்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். டாஸ்க்பாரில் ஏதாவது மின்னுகிறதா என்றும் கவனியுங்கள்.

நின்றது உறுதியானால் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் போதாது. விண்டோஸ் 8 முதல் வந்துள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி, ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் நிலையை வட்டில் சேமித்து, அடுத்த முறை அப்படியே எழுப்புகிறது. கணினி அடுத்த முறை தொடங்கும்போது மாற்றப்பட வேண்டும் என்று குறித்துவைத்த கோப்புகள் அதனால் மாறாமலே கிடக்கும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

பிறகு செட்டப்பை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். முந்தைய நிறுவல் இடைநிறுத்தப்பட்டுள்ளது, அதன் மாற்றங்களைத் திரும்பப் பெறவா என்று 1704 எண்ணுடன் கேட்டால் ‘யெஸ்’ சொல்லுங்கள். திரும்பப் பெறுவதற்கான குறிப்புகள் சி டிரைவில் கான்ஃபிக்.எம்எஸ்ஐ என்ற மறைந்த ஃபோல்டரில் இருக்கும். அதைக் கையால் அழித்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

வேறு எண் வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1618 என்றால் இன்னொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடியும்வரை பொறுக்க வேண்டும். 1601 என்றால் இன்ஸ்டாலர் சேவையை அணுக முடியவில்லை. அடிப்படை வசதிகளோடு மட்டும் விண்டோஸ் ஓடும் சேஃப் மோடில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் இன்ஸ்டாலர் ‘மேனுவல்’ என்று இருப்பதும், ஓடாமல் இருப்பதும் இயல்புதான். 3010 பிழையே அல்ல. வேலை முடிந்தது, ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி.

தொல்லை தருவது 1603. ‘ஏதோ தவறிவிட்டது’ என்பதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்லாது. நிறுவும் ஃபோல்டர் என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்கலாம், அல்லது அதில் விண்டோஸின் சொந்தக் கணக்கான ‘சிஸ்டம்’ கணக்குக்கு முழு உரிமை இல்லாமல் இருக்கலாம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் என்று போய், எம்எஸ்ஐஇன்ஸ்டாலர் எழுதிய பதிவுகளைப் படியுங்கள். 1603-க்குச் சற்று முன்னால் உள்ள பதிவில் பெரும்பாலும் காரணம் இருக்கும்.

அரைகுறையாக நின்றதைக் கழற்ற, செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் ‘மாடிஃபை’ அல்லது ‘ரிப்பேர்’ இருந்தால் முதலில் அதை முயலுங்கள்; சரியாகாவிட்டால் அன்இன்ஸ்டால். அதுவும் மறுத்தால், நிறுவலையும் நீக்கத்தையும் தடுக்கும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் தரவுத்தளம்) பழுதுகளுக்கென்றே மைக்ரோசாஃப்ட் தரும் புரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால் டிரபிள்ஷூட்டரை ஓட்டுங்கள். பட்டியலில் மென்பொருளின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் மிச்சப் பதிவுகளை நீக்கும். ஆன்டிவைரஸ் என்றால் அதைத் தயாரித்த நிறுவனமே தரும் நீக்கும் கருவி வேண்டும். அதன் டிரைவர்கள் சாதாரண நீக்கத்தில் தங்கிவிடக்கூடும்.

மிச்சமிருக்கும் ஃபோல்டர்களைப் புரோகிராம் ஃபைல்ஸ், புரோகிராம்டேட்டா, ஆப்டேட்டா ஆகிய இடங்களில் தேடுங்கள். ஆப்டேட்டாவில் உங்கள் அமைப்புகளும் சேமித்தவையும் இருக்கக்கூடும். அழிக்கும் முன் நகல் எடுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டரை மட்டும், எத்தனை ஜிபி பிடித்தாலும், தொடவே வேண்டாம். மற்ற மென்பொருள்களின் ரிப்பேர், அப்டேட், நீக்கம் எல்லாம் அங்கிருக்கும் கோப்புகளை நம்பியே நடக்கின்றன. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களும் வேண்டாம்.

இனி செட்டப் கோப்பு. டவுன்லோட் பாதியில் அறுந்திருந்தால் எத்தனை முறை நிறுவினாலும் அதே இடத்தில்தான் நிற்கும். கோப்பின் மீது வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் தாவலைத் திறந்து, டீடெயில்ஸில் கையொப்பம் சரி என்று வருகிறதா பாருங்கள். இஎக்ஸ்இ கோப்பில் கையொப்பம் வழக்கமாகக் கடைசியில் சேர்க்கப்படுகிறது. அதனால் வால் அறுந்த கோப்பில் அந்தத் தாவலே இருக்காது. கையொப்பமே இல்லாமல் வரும் மென்பொருளானால், தளத்தில் கொடுத்துள்ள அளவோடு ஒப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே புதிதாக இறக்குங்கள்.

சி டிரைவில் தாராளமாக இடம் இருக்கட்டும். வேறு டிரைவில் நிறுவினாலும் பிரித்தெடுக்கும் வேலை சி டிரைவில் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் ஃபோல்டரில்தான் பெரும்பாலும் நடக்கும். அந்த ஃபோல்டரின் பாதையில் உங்கள் பயனர் பெயரும் வரும். பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்திருந்தால் சில பழைய செட்டப்கள் அந்தப் பாதையைப் படிக்கத் தெரியாமல் பாதியில் விழுந்துவிடும். அப்போது சி டிரைவில் ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி, இதுபோன்ற பாதைகளைக் குறித்துவைக்கும் விண்டோஸ் அமைப்பான என்விரான்மென்ட் வேரியபிள்ஸில் டெம்ப், டிஎம்பி இரண்டையும் அதற்கு மாற்றிவிட்டு, செட்டப்பை மூடித் திறந்து ஓட்டுங்கள்.