கால்சியம் ஏறிவிட்டதா? பாலைத் திட்டுவதற்கு முன்

ரத்தப் பரிசோதனையில் கால்சியம் கூடுதல் என்று வந்துவிட்டால், பெங்களூருத் தமிழ் வீடுகளில் முதல் தண்டனை பாலுக்கு, அடுத்தது கேழ்வரகுக்கு. காலைக் கஞ்சி நிற்கிறது, மதியக் களி நிற்கிறது. பெரும்பாலும் இரண்டுமே நிரபராதிகள். சாப்பாட்டில் கொஞ்சம் கூடுதலாக வரும் கால்சியத்தைக் குடலும் சிறுநீரகமும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளும் சேர்ந்து சமாளித்துவிடும். ரத்தத்தில் அளவு ஏறியிருக்கிறது என்றால் அந்தக் கட்டுப்பாடு எங்கோ கெட்டிருக்கிறது. அது எங்கே என்று தேடாமல் பத்தியத்தில் இறங்குவதுதான் பெரிய தவறு. பாராதைராய்டு மிகையாகச் சுரப்பவர்கள் கால்சியத்தை அறவே ஒதுக்கினால், அந்தச் சுரப்பி இன்னும் அதிகமாகச் சுரக்கவும் கூடும்.

முதலில் அந்த எண்ணையே சந்தேகியுங்கள். பெரியவர்களுக்கு டெசிலிட்டருக்குச் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இயல்பு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். கையில் பட்டையை இறுக்கிக் கட்டி நெடுநேரம் விட்டு ரத்தம் எடுத்தாலும், உடலில் நீர் வற்றியிருந்தாலும் எண் கொஞ்சம் ஏறிக் காட்டும். அல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைந்தவர்களுக்கு நேர்மாறு: ஏற்றம் மறைந்துவிடும். அல்புமின் 4 கிராமுக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.8 கூட்டிப் பார்ப்பது வழக்கம். புரதத்தோடு ஒட்டாமல் தனித்திருக்கும் அயனி கால்சியத்தை நேரடியாக அளந்தால் இன்னும் தெளிவு. 10.7 என்று வந்தால் மறுபடி பரிசோதிக்க அவகாசம் உண்டு. 14 என்றால் அவகாசம் கிடையாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்த ஊரில் எனக்கு அதிகம் கவலை தருவது வைட்டமின் டி. கண்ணாடிக் கட்டடத்துக்குள்ளேயே பகல் முழுவதும் கழிப்பவர்களுக்குக் குறைபாடு இருப்பதில் வியப்பில்லை; மருத்துவர் 60,000 யூனிட் பொடி எழுதித் தருவதும் சரிதான். வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதியிருப்பார். தினம் ஒன்று என்று நினைத்துப் பாலில் கலக்கிக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். மூட்டுவலிக்கு ஒரு மருத்துவர் ஊசி போட்டிருப்பார், குடும்ப மருத்துவர் பொடி கொடுத்திருப்பார், மகன் வெளிநாட்டிலிருந்து சத்து மாத்திரை அனுப்பியிருப்பார். மூன்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க ஆளில்லை. இது கொழுப்பில் தங்கும் சத்து. நிறுத்திய மறுநாளே இறங்காது. வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். இந்த வகை ஏற்றத்தில் உணவுக் கால்சியத்தையும் தற்காலிகமாகக் குறைக்கச் சொல்வார்கள். வீட்டிலுள்ள அட்டை, பொடி, டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். நெஞ்செரிச்சலுக்குச் சப்பும் கால்சியம் கார்பனேட் மாத்திரையையும் விடாதீர்கள்.

அந்தப் பையில் ரத்த அழுத்த மாத்திரையும் இருக்க வேண்டும். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் இரண்டும் கால்சியத்தைச் சிறுநீரில் வெளியேற விடாமல் தடுப்பவை. கூட்டு மாத்திரைகளில் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும். மனநோய்க்குத் தரும் லித்தியமும் அளவை ஏற்றும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், கேட்டு மாற்றுங்கள்.

அடுத்த தவறு, பாராதைராய்டு ஹார்மோன் பரிசோதனை செய்யாமல் ஸ்கேனுக்கு ஓடுவது. தொடர்ந்து கால்சியம் உயர்ந்திருப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் பாராதைராய்டு அல்லது புற்றுநோய். ஹார்மோன் உயர்ந்திருந்தால் பெரும்பாலும் பழி கழுத்துச் சுரப்பி மேல். அடங்கியிருந்தால் புற்றுநோய், காசநோய், சார்காய்டோசிஸ் (நுரையீரல் முதலிய உறுப்புகளில் அழற்சி முடிச்சுகள் தோன்றும் நோய்), வைட்டமின் டி என்று வேறு திசையில் தேட வேண்டும். கழுத்து ஸ்கேன் நோயைத் தீர்மானிக்க அல்ல, அறுவைக்கு இடம் காட்டத்தான். முடி வளர பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில ஆய்வக முறைகளில் அது ஹார்மோனைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

இன்னொரு தவறு, அறிகுறியை வயதின் மேல் போடுவது. தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், தடுமாறும் பேச்சு. சர்க்கரை சரியாக இருந்தும் பாட்டி இரவில் நான்கு முறை எழுந்துபோனால் இசப்கோல் கரைத்துக் கொடுத்ததோடு விட்டுவிடக் கூடாது.

மருத்துவமனையில் முதல் மருந்து நரம்பில் ஏற்றும் உப்புநீரான சலைன்தான். கால்சியம் ஏறினால் உடல் நீரை இழக்கும், நீர் குறைந்தால் கால்சியம் இன்னும் ஏறும். அந்தச் சுழலை முதலில் உடைக்க வேண்டும். ஒரு காலத்தில் கூடவே சிறுநீரைக் கூட்டும் ஃபுரோசமைடு போடுவது வழக்கமாக இருந்தது. நீர் நிரம்பும் முன் அதைக் கொடுத்தால் வற்றலைக் கூட்டும். இன்று நீர் மிகுந்து மூச்சு வாங்குகிறவர்களுக்கும் இதயம், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும்தான் பெரும்பாலும் தருகிறார்கள். கால்சிடோனின் என்ற ஊசி கால்சியத்தைச் சில மணி நேரத்தில் இறக்கும், ஆனால் இரண்டு நாளில் அதன் வேகம் அடங்கிவிடும். எலும்பிலிருந்து கால்சியம் கரைவதைத் தடுக்கும் ஜோலட்ரானிக் அமிலம் இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். இரண்டாம் நாளில் எண் இறங்கியதைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லி நச்சரிப்பவர்கள் இந்தக் கணக்கை யோசிப்பதில்லை. ஜோலட்ரானிக் அமிலத்துக்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். பல் பிடுங்கும் திட்டம் இருந்தால் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு வைட்டமின் டி மிகைக்கும் சார்காய்டோசிஸுக்கும் கேட்கும்; பாராதைராய்டு கட்டிக்குக் கேட்காது.

பாராதைராய்டு கட்டியை அகற்றிய பிறகு நிலைமை தலைகீழாகலாம். கால்சியத்தை இழந்து பட்டினி கிடந்த எலும்பு ரத்தத்திலிருந்து கால்சியத்தை இழுத்துக்கொள்ள, அளவு சரியும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வந்தால் உடனே அறுவை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் எழுதித் தரும் கால்சியம் மாத்திரையை, பழைய பயத்தில் ஒளித்து வைக்காமல் கொடுங்கள்.